பின்வரிசையில் நின்றவன் வாங்கில் இருக்கப் பழகுவது எப்படி

நான் கரப்பந்தாட்டப் பயிற்றுநராக வாங்கில் இருந்த முதல் போட்டியிலேயே என் அணிக்கு ஒரு புள்ளியை இல்லாமல் ஆக்கினேன். எதிரணி அடித்த பந்து எங்கள் பொடியன் ஒருவனின் கையில் பட்டு, கோட்டுக்கு வெளியே, நான் இருந்த பக்கமாக வந்தது. எங்கள் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்து எடுக்கவென்றே நிற்கிறவன், அதைத் துரத்திக்கொண்டு வந்தான். எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். கண் பந்தைக் கண்டதும் கால் போய்விட்டது. பாய்ந்து, இரண்டு கையையும் சேர்த்து எடுத்தேன். பந்து அளந்து வைத்ததுபோல், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செற்றரின் தலைக்கு மேலே போய் இறங்கியது. அவ்வளவு வடிவாக நான் விளையாடிய காலத்தில்கூட அதிகம் எடுத்ததில்லை. மத்தியஸ்தர் விசில் ஊதினார். விளையாடாத ஆளில் பந்து பட்டால் அது வெளிப் பந்து, புள்ளி அவர்களுக்கு. சனம் கைதட்டிச் சிரித்தது. லிபரோப் பொடியன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, அது என்ர பந்து" என்றான்.

பின்வரிசையில் நின்று பந்து எடுத்தே காலம் கழித்தவர்கள், இப்போது முழங்காலோ வேலையோ குடும்பமோ இழுக்க, பிள்ளைகளுக்குப் பழக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதை வாசியுங்கள். அடிக்கிறவர்கள் பயிற்றுநராக மாறுவது வேறு கதை. அவர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது.

விசுவமடுப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உயரம் ஐந்து அடி நாலு அங்குலம். சின்ன வயதில், ஆறு பேரும் இடம் மாறி மாறி நிற்கிற சுழற்சியில் நான் முன்னுக்கு வரும்போதெல்லாம் எதிரணி என் தலைக்கு மேலாலேயே அடிக்கும். லிபரோ என்ற இடத்தைச் சர்வதேசக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் 1998 இல் விதியில் சேர்த்தது. அந்த நாளில் யுத்தத்தால் மூடிக் கிடந்த வன்னிக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வருவதே பெரும்பாடு, விதிப்புத்தகம் எங்கே வரும்? 2002 இல் ஏ9 பாதை திறந்து, வெளியிலிருந்து அணிகள் வந்து விளையாடியபோதுதான் ஒருவன் மட்டும் வேறு நிற ஜேர்சியோடு நிற்பதைக் கண்டேன். "அவருக்கு மட்டும் ஜேர்சி காணாமப் போச்சோ?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். ஆட்டம் முடிந்ததும் அந்த ஜேர்சிக்காரனைப் பிடித்து விசாரித்தேன். வலையில் எழும்பிக் கையால் மறித்துப் புளொக் போடத் தேவையில்லை, அடிக்கத் தேவையில்லை, பின்னுக்கு நின்று எடுத்தால் காணும் என்றான். அன்று இரவு நித்திரை வரவில்லை.

எப்போது மாறுவது

முழங்கால் சொல்லும் என்பார்கள். முழங்கால் பொய் சொல்லும். எண்ணெய் பூசி, துணி சுற்றினால் இன்னும் ஒரு வருடம் ஓடும். தட்டிப் போடுகிற பந்தைக் கவனியுங்கள். அடிக்கிறவன் ஓங்கிவிட்டு, கையை மெதுவாக்கி, புளொக்குக்குப் பின்னால் மெல்லத் தட்டுவான். அவன் தட்டப்போகிறான் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்தும் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் என்றால் சரி. ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படி நடந்தால், கண் இருக்கிறது, கால் இல்லை. பயிற்றுநருக்கு வேண்டியது கண்தான். அது மங்குவதற்கு முன் மாறுங்கள்.

பிரேசிலின் செர்ஜியோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் லிபரோவாகத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40. ஆண்கள் தொடரின் சிறந்த வீரராகவும் அவரைத்தான் தெரிவு செய்தார்கள். அவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லியே நாற்பத்தைந்து வரைக்கும் இடத்தை விடாதவர்கள் எங்கள் கழகங்களில் உண்டு. செர்ஜியோவுக்குக் கீழே உள்ளரங்கத் தளம். எங்களுக்குக் கிரவல்.

ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். நான் இரண்டு வருடம் இரண்டையும் செய்தேன்: ஞாயிறு போட்டி, கிழமையில் இரண்டு பின்னேரம் பிள்ளைகள். அதில் ஒரு கள்ள இலாபம் இருக்கிறது. நீங்கள் அணியில் இருக்கும்வரைதான் அடிக்கிறவர்களையும் செற்றரையும் மறித்து வைத்துக் கேள்வி கேட்கலாம். விட்டுவிட்டால் ஒருவரும் கடைப்பக்கம்கூட வரமாட்டார்கள்.

கொப்பியில் மூன்று பந்து

ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டாள்: "அவன் அங்கதான் அடிப்பான் எண்டு எப்பிடி அண்ணை தெரியும்?" நான், "அது தெரியும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் உறைத்தது. என் உடம்புக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை. இப்படி ஒரு ஆள் எதைப் பழக்குவது?

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூன்று பந்து மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பந்து எங்கே வந்தது, நான் எங்கே நின்றேன், அதற்கு முதல் என் கண் எதில் இருந்தது. முதல் இரண்டும் இலகு. மூன்றாவது நிரல் ஒன்றரை மாதம் வெறுமையாகவே இருந்தது. பிறகுதான் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

எதிரணியின் முதல் தொடுகையை நான் பார்க்கிறேன். அது வலையை விட்டு விலகிப் போனால், செற்றருக்கு அதிகம் வழியில்லை, ஏதோ ஒரு கரைக்கு உயரமாகத்தான் தூக்குவார். அப்போதே என் கால் அந்தப் பக்கம் அரை அடி நகர்ந்துவிடுகிறது. பிறகு செற்றரின் முதுகு. முதுகு வில்லாக வளைந்தால் பந்து பின்னுக்குப் போகிறது. அதன் பிறகு ஒரு சின்ன நேரம் பந்தின் போக்கைப் பார்த்துவிட்டு, பந்தை விட்டுவிட்டு, அடிக்கிறவனைப் பார்க்கிறேன். இதுதான் பிள்ளைகளுக்கு வராத இடம். பந்து மேலே இருக்கும்வரை பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் செய்தி எல்லாம் கீழே, அவனுடைய ஓட்டத்திலும் தோளிலும் இருக்கிறது. பந்துக்கு நேர் கீழே ஓடிப் போய்விட்டானென்றால் அவனால் பலமாக அடிக்க ஏலாது. தோள் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். முழங்கை தாழ்ந்தால் தட்டல்.

இதைப் பழக்கப் பந்துகூடத் தேவையில்லை. பெரியவர்கள் விளையாடும்போது பிள்ளைகளைக் கோட்டின் தலைமாட்டில் வரிசையாக இருத்துங்கள். "பந்து, செற்றர், பந்து, ஆள்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், தாளம் போடுவதுபோல. "ஆள்" என்று சொல்லும்போது, அடி விழுவதற்கு முதல், இடமா வலமா என்று கையை நீட்ட வேண்டும். முதல் நாள் எல்லாரும் எல்லாப் பக்கமும் நீட்டுவார்கள். விளையாடுகிற பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள்.

உங்களுக்குத் தெரியாதவை

லிபரோவாகப் பத்து வருடம் விளையாடியவர் புளொக் போட்டிருக்கமாட்டார். சர்வதேச விதிப்படி சேர்விஸ் போட்டிருக்கமாட்டார். பந்து முழுதாக வலையின் மேல் விளிம்புக்கு மேலே இருக்கும்போது அதை அடித்து அனுப்பியிருக்கமாட்டார். வலையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கீறியிருக்கிற மூன்று மீற்றர்க் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் தூக்கிக் கொடுத்தால், அந்தப் பந்தை வலை உயரத்துக்கு மேல் வைத்து மற்றவர்கள் அடிக்கவும் ஏலாது. விதியே இதையெல்லாம் தடுத்து வைத்திருக்கிறது. ஆட்டத்தில் பாதி உங்களுக்குத் தெரியாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் முழுக்கப் பந்து எடுப்பதையே பழக்கினேன். போட்டிக்குப் போனோம். நாங்கள் எடுத்துக்கொண்டே இருந்தோம், அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் யாருக்காவது கால் வழுக்கும், புள்ளி போய்விடும். எங்கள் சேர்விஸ் பாதி வலையில் விழுந்தது. பழைய பதினைந்து புள்ளிக் கணக்கில் சேர்விஸ் பிழைத்தால் சேர்விஸ் கை மாறும், அவ்வளவுதான். இப்போதைய இருபத்தைந்து புள்ளிக் கணக்கில் வலையில் விழுகிற ஒவ்வொரு சேர்விஸும் எதிரணிக்கு இனாம். இது எனக்குத் தெரியாத விசயமில்லை. தெரிந்தும் பழக்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பிடித்தது பந்து எடுப்பது.

ஆகவே போய்ப் படியுங்கள். எங்கள் பழைய அணியில் நடுவில் நின்று புளொக் போட்டவர் இப்போது மேசன் வேலை செய்கிறார். அவருடைய வேலைத்தளத்துக்கே போய்க் கேட்டேன். சாந்தை வைத்துவிட்டு, சுவருக்குப் பக்கத்தில் நின்று காட்டினார்: கையை மேலே தூக்கினால் போதாது, விரலை விரித்து, வலையைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டவேண்டும். "நீ பின்னால நிண்டு லைனை மூடு லைனை மூடு எண்டு கத்துவாய். நான் லைனை மூடினா நடுவால அடிப்பான். அது உன்ர பக்கம்தானே எண்டு நினைச்சு மூடுறனான்" என்றார். லைன் என்றால் பக்கக் கோட்டோரமாக நேராக வருகிற அடி. இத்தனை வருடம் நான் அவரை வழிநடத்தினேன் என்று நினைத்திருந்தேன். அவர்தான் எனக்குப் பந்து வரவேண்டிய இடத்தைத் தீர்மானித்துத் தந்திருக்கிறார். புளொக் ஒரு பகுதியை மூடும், பின்வரிசை மிச்சத்தை எடுக்கும். எதை மூடுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் பயிற்றுநரின் முதல் வேலை.

சுழற்சியைக் கடை மேசையில் படித்தேன். ஆறு நட்டு, அதற்குள் ஒன்றுக்கு மாற்றாக ஒரு பித்தளை நட்டு. வலது பின் மூலை ஒன்று, அங்கேயிருந்துதான் சேர்விஸ். வலது முன் இரண்டு, நடு முன் மூன்று, இடது முன் நாலு, இடது பின் ஐந்து, நடுப் பின் ஆறு. பித்தளை நட்டுத்தான் லிபரோ. வழமையாக நடுவில் புளொக் போடுகிற உயரமானவர்கள் பின்னுக்கு வரும்போது அவர்களுக்குப் பதிலாக நிற்கும், ஐந்திலிருந்து நாலுக்குப் போக வேண்டிய நேரம் வெளியே வந்துவிடும். நீங்கள் லிபரோவாக நூறு தடவை உள்ளே போய் வெளியே வந்திருப்பீர்கள், ஆனால் நீங்கள் வெளியே நிற்கும்போது உள்ளே மற்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று கேட்டால் முழிப்பீர்கள். நான் முழித்தேன். ஒரு கிழமை நட்டுகளை நகர்த்தினேன். ரியூப் ஒட்ட வந்தவர்கள் தாயம் விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள்.

இன்னொன்று, பந்தை நேராக அடிக்கப் பழகுங்கள். பயிற்றுநர் ஒரு பின்னேரத்தில் நூறு, இருநூறு பந்து அடிக்கவேண்டி வரும், அதுவும் பிள்ளையின் கைக்கு, தோளுக்கு, இடப்பக்கம் ஒரு அடி தள்ளி என்று சொன்ன இடத்துக்கு. எங்களைப்போல எடுத்தே பழகியவர்களுக்கு அடி எங்கேயோ போகும். கடைக்குப் பின்சுவரில் சோக்கால் மூன்று வட்டம் கீறி, காலையில் கடை திறப்பதற்கு முதல் மூன்று மாதம் அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, சுவர் விழப்போகுது" என்று இரண்டு தடவை எச்சரித்தா.

நிலம், காற்று, பந்து

பயிற்சிப் புத்தகங்களில் இருக்கிற பாய்ச்சல் எல்லாம் வழுக்குகிற தளத்துக்கு. அதை அப்படியே கிரவலில் பழக்கினால் பிள்ளையின் நாடி கிழியும். முதல் வேலை கல்லுப் பொறுக்குவது. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம், எல்லாரும் ஒரு வரிசையில் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் குனிந்துகொண்டு நடக்கவேண்டும். நானும் நடப்பேன். குனிந்த நடை பின்வரிசைக்காரனுக்கு நல்ல பயிற்சியும்கூட. தண்ணீர் கிடைத்தால் தெளியுங்கள். பிறகு, பாயாமல் எடுக்க முடிந்தளவு எடுக்கப் பழக்குங்கள்: இடுப்பைத் தாழ்த்தி ஓடி, கடைசி அடியை நீளமாக வைத்து, பந்துக்குக் கீழே கையைக் கொண்டுபோவது. பழைய ரியூப்பை ஒரு அங்குல அகலத்தில் வெட்டி முழங்காலுக்கு மேல் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, பக்கவாட்டாக நடக்க விடுங்கள். தொடை எரியும். என் கடையில் ரியூப்புக்குப் பஞ்சமில்லை.

பாய்வதைப் பழக்க நல்ல காலம் மாசி, பங்குனி. காலபோகம் வெட்டி முடிந்து வைக்கோல் கிடக்கும். நாலு யூரியாச் சாக்கில் வைக்கோலை அடைத்து, வாயைத் தைத்து, அடுக்கிப் போட்டால் அதைவிட நல்ல மெத்தை இல்லை. சாக்கைக் கழுவிவிட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் தோல் கடிக்கும்.

மீள்குடியேறி வந்த புதிதில், 2010, 2011 அளவில், நாங்கள் விளையாடிய காணியின் ஒரு பக்கம் இன்னும் மிதிவெடி அகற்றி முடியவில்லை. நாடா கட்டி, மண்டையோடு போட்ட பலகை நட்டிருந்தார்கள். பந்து அந்தப் பக்கம் போனால் விட்டுவிடவேண்டும். துரத்துகிற கால் அது, நாடாவுக்கு ஒரு அடி முன்னால் நின்று பழகியது. ஒரு பந்து அங்கே மூன்று மாதம் கிடந்து, வெயிலில் தோல் உரிந்து, பிறகு அகற்ற வந்தவர்கள்தான் எடுத்துத் தந்தார்கள். இப்போது அந்தக் காணியில் கச்சான் போடுகிறார்கள்.

காற்றுக்கு வருவோம். வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று மாதக்கணக்கில் ஓயாது. உள்ளரங்கில் பழகியவர்களுக்கு இது தொல்லை, எங்களுக்கு ஆயுதம். எதிரணிப் பக்கமிருந்து உங்கள் முகத்துக்குக் காற்று வீசினால், அவர்களுடைய சேர்விஸ் நினைத்ததைவிட நீளமாக வரும். பெறுகிறவர்கள் ஒரு அடி பின்னுக்கு நிற்கவேண்டும். காற்று உங்கள் முதுகில் என்றால், பந்து வலையைத் தாண்டியதும் செத்து விழும், முன்னுக்கு வரவேண்டும். ஒவ்வொரு செற்றுக்கும் பக்கம் மாறும், கடைசிச் செற்றில் எட்டாவது புள்ளியில் நடுவிலேயே மாறும். பிள்ளைகள் அதை மறந்து பழைய இடத்திலேயே நிற்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு பிடி மண்ணை அள்ளி மேலே எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். கோட்டை வடக்குத் தெற்காக அடிக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பழைய கோட் கிழக்கு மேற்காக இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்குப் பார்த்து நிற்கிறவனுக்குப் பந்து தெரியாது, சூரியன்தான் தெரியும்.

வலை தொய்ந்தால் எல்லாப் பழக்கமும் பிழை. ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர், அதுவும் நடுவில் அளக்கவேண்டும். இரண்டு கரையும் ஒரே உயரமாக இருக்கவேண்டும், நடுவைவிட இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது. ஒரு நேரான தடியில் இரண்டு உயரத்தையும் வெட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் ரேப் தேடி அலையத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தாழ்த்திக் கட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பந்துக்குக் காற்று அடிப்பதில்தான் எங்கள் ஊரில் பெரிய பிழை நடக்கிறது. கல்லுப்போல அடித்துவிடுவார்கள். கரப்பந்துக்கு வேண்டிய அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது நாலரை பிஎஸ்ஐ அளவு. சைக்கிள் ரயருக்கு அடிக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்குதான். கல்லுப் பந்தில் பழகுகிற பிள்ளை கையைப் பயத்தில் இழுக்கும். பிறகு அந்தப் பயத்தை எடுக்க ஒரு வருடம். ஊசியை எச்சிலில் நனைக்காமல் தேங்காயெண்ணெய் ஒரு துளி போட்டுச் செருகுங்கள்.

சாரம் போட்ட வலை

பயிற்சிகள் பலவற்றை எழுதலாம். எனக்கு உதவியது ஒன்றை மட்டும் விபரமாகச் சொல்கிறேன். வலையில் நாலைந்து சாரத்தை வரிசையாகத் தொங்கவிடுங்கள், பழைய சேலையும் சரி. அந்தப் பக்கம் நீங்கள் ஒரு வாங்கில் ஏறி நின்று அடிக்கிறீர்கள். இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கு உங்கள் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, தோளும் கையும் மட்டும் தெரியும். முதல் பத்துப் பந்தும் கையில் படாமல் போகும். பிள்ளை அழுதாலும் அழும். அப்புறம் தோளைப் பார்க்கத் தொடங்கும். மூன்றாம் நாள், நீங்கள் முழங்கையைத் தாழ்த்தியதும் பிள்ளை முன்னுக்கு ஓடி வருவதைப் பார்ப்பீர்கள். அந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். "ஆ, பார்த்தியா, முழங்கையைப் பார்த்திட்டாய்" என்று நான் ஒருதரம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை முழங்கையை மட்டும் பார்க்கத் தொடங்கியது.

எடுத்த பந்து எங்கே போகிறது என்பதற்கு ஒரு பழைய சைக்கிள் ரயரை, வலைக்குக் கிட்ட, இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கு நடுவில் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ரயருக்குள் போனால் மூன்று, செற்றர் இரண்டு அடி வைத்து எடுக்கக்கூடியதென்றால் இரண்டு, எப்படியோ மேலே நின்றால் ஒன்று, விழுந்தால் சைபர். பிள்ளைகளே எழுதுவார்கள். கள்ளக் கணக்கு எழுதுவார்கள்தான். மற்றவள் பார்த்துப் பிடிப்பாள்.

வாய்

பின்வரிசைக்காரன் கத்திக் கத்தியே விளையாடியவன். "நான்!", "விடு!", "வெளி!", "ரெண்டு பேர், ரெண்டு பேர்!" முழுக் கோட்டும் தெரிகிற இடத்தில் நிற்பதால் அது அவனுடைய கடமை. வாங்குக்கு வந்ததும் அதே வாய் அணியைக் கெடுக்கும். நான் வெளியிலிருந்து "விடு!" என்று கத்தியதில், வலுவாக உள்ளே விழுகிற பந்தை மூன்று பேர் நின்று பார்த்தார்கள். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வெளியேதான். இப்போது என் லிபரோவைத் தவிர வேறு யாரும் "விடு" சொல்லக்கூடாது, நான் உட்பட.

ஒரு செற்றில் இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் 30 செக்கன். பிள்ளைகள் நடந்து வந்து, தண்ணீர் குடித்து, முகம் துடைக்கவே பத்து செக்கன் போய்விடும். நான் முதலில் எல்லாம் ஆறு விசயம் சொல்வேன். திரும்பிப் போகும்போது ஒருத்தி மற்றவளிடம், "அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இப்போது ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. "பதினொன்றாம் நம்பர் தட்டுவாள். நீ ஒரு அடி முன்னுக்கு." முடிந்தது. மிச்ச நேரம் தேசிக்காய்த் தண்ணி, உப்புப் போட்டு.

கை வேலை செய்யத் துடிக்கும். அதற்கும் ஒரு வழி, எழுதுங்கள். கொப்பி ஒரு கையில், பேனை மறு கையில் இருந்தால் பாய முடியாது. விதிப்படி பயிற்றுநர் தன் அணி வாங்குக்கு முன்னால், மூன்று மீற்றர்க் கோட்டின் நீட்சியிலிருந்து பின்னுக்கு, ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றோ நடந்தோ கதைக்கலாம். நான் அதைக்கூடப் பாவிப்பதில்லை, இருந்துவிடுகிறேன். நின்றால் என்னை எனக்குத் தெரியும்.

அம்மாமாரின் வீட்டுப் படலை

இதை எந்தப் பயிற்றுநர் வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பழக்கப்போகிறீர்கள் என்றால், பயிற்சி தொடங்குவதற்கு முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் போகவேண்டும். போனில் சொல்வது சரிவராது. போய், இருந்து, அவர்கள் தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் விசயத்தைத் தொடங்கவேண்டும். ஒரு அம்மா கேட்டா: "தம்பி, இவள் பந்தடிச்சு என்ன செய்யப்போறாள்? ஓஎல் சோதினையும் வருகுது." கரப்பந்தாட்டம்தான் இலங்கையின் தேசிய விளையாட்டு என்று நான் தொடங்கினேன். அவவுக்கு அது ஒரு பொருட்டில்லை. "எத்தினை மணிக்கு விடுவியள்?" அதுதான் கேள்வி. எங்கள் பக்கம் இருட்டினால் யானை வருகிற ஒழுங்கைகள் இருக்கின்றன. ஐந்தே முக்காலுக்கு முடித்து, ஆறு மணிக்குள் படலையில் நிற்பாள் என்றேன். "எவர் கூட்டிக்கொண்டு வாறது?" ஒரே திசையில் போகிற நாலு பிள்ளைகள் சேர்ந்து சைக்கிளில், பின்னால் நான். பத்து வருடமாகிவிட்டது, ஒருநாளும் ஆறு தாண்டியதில்லை. ஒரு நாள் தாண்டினால் அணி போய்விடும். இறுதிப் போட்டிக்கு முதல் நாள் என்றாலும் ஐந்தே முக்கால்தான்.

ரியூசன் நாட்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள்.

கடதாசி

சேர்ட்டிபிக்கற் வேண்டுமா என்று கேட்பார்கள். ஊர்க் கழகத்தில் பழக்க யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளே போய்ப் பழக்கவோ, மாவட்ட அணிக்குப் பக்கத்தில் நிற்கவோ வேண்டுமென்றால் வேண்டும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், முதலில் அவரிடம் போங்கள். வகுப்பு எப்போது, எங்கே என்று அவருக்குத்தான் அறிவித்தல் வரும். சர்வதேசச் சம்மேளனத்தின் பயிற்றுநர் வகுப்புகள் மூன்று நிலை. அதற்கெல்லாம் பிறகு போகலாம். என்னைக் கேட்டால், பயிற்றுநர் வகுப்புக்கு முதல் மத்தியஸ்தர் வகுப்புக்குப் போங்கள். விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வைப்பது அது ஒன்றுதான். எனக்கு வாங்கில் நடந்த கதை அதைப் படித்திருந்தால் நடந்திருக்காது. சரி, நடந்திருக்கும், ஆனால் ஏன் புள்ளி போனது என்றாவது உடனே விளங்கியிருக்கும்.

நான் போன வகுப்பில் பெரும்பகுதி சிங்களத்தில் நடந்தது. பாதி விளங்கவில்லை. செய்து காட்டிய பகுதியில் பின்வரிசைக்கு ஆள் தேவைப்பட்டது, நான் எழும்பினேன். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் இரண்டு பேர் எனக்குப் பக்கத்தில் இருந்து, பாடத்தைச் சைகையிலும் அரைத் தமிழிலும் சொல்லித் தந்தார்கள். பதிலுக்கு அவர்களுக்குத் தோளைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

கடைசியாக ஒன்று. விளையாட்டை முற்றாக விடாதீர்கள், ஆனால் உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடாதீர்கள். பயிற்சியில் ஆள் குறைகிறதென்று உள்ளே இறங்கினால், பின்னுக்கு வருகிற எல்லாப் பந்தையும் நீங்களே எடுத்துவிடுவீர்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பாய்வதற்கு வேறு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முதல், பழைய ஆட்கள் சேருவோம். மேசனும் வருவார். புள்ளி எண்ணுவதில்லை, எண்ணினாலும் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

போன ஞாயிறு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றுக்குப் பாய்ந்ததில் முழங்கை உரிந்துவிட்டது. பந்து வந்ததா என்று கேட்டால், வந்தது. திங்கள் பின்னேரம் பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். சைக்கிள் சங்கிலி கிழித்துவிட்டது என்றேன். லிபரோப் பிள்ளை மட்டும் என் முழங்கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.